கிண்ணத்தை ஆட்டும் முறை

"போதும் எண்டு கோப்பிக் கிண்ணத்தை ஆட்டாட்டி ஊத்திக்கொண்டே இருப்பினம்," என்றாள் அனஸ்ரேசியா.

தேவாலய மண்டபத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் ஜோர்தானுக்கு யாத்திரை போகிறார்கள். இயேசு திருமுழுக்குப் பெற்ற ஆற்றங்கரைக்கு. ஒஸ்லோப் பங்கு மக்களில் அரபு நாட்டில் வாழ்ந்தவள் என்று அறியப்பட்டவள் அனஸ்ரேசியா ஒருத்திதான் என்பதால், போகுமுன் நாலு விசயம் சொல்லித்தர அவளைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

அவள் ஒரு துண்டுக் கடதாசிகூடக் கொண்டுவரவில்லை.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். டாக்சியில் பெண்கள் பின்னால்தான் ஏற வேண்டும். இங்கே போலக் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. பொலிஸ்காரரைப் படம் எடுக்கக் கூடாது.

"பாஸ்போட்டை ஆர் கேட்டாலும் பாக்கக் குடுங்கோ. வைச்சிருக்கக் குடுக்காதேங்கோ." இதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

முன்வரிசையில் மகள் ஜூலியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். வயது பதினைந்து. அவளுக்குத் தெரிந்த அம்மா, குவைத்தில் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவள். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்த வங்கிக்குக் கண்ணாடிக் கதவும் பளிங்குத் தரையும் வந்துவிட்டன. பெற்றோரைப் பற்றி எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது ஜூலியா அந்தக் கதவைத்தான் எழுதினாள்.

எத்தனையோ இரவுகளில் கனவில் அனஸ்ரேசியாவே அந்தக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போயிருக்கிறாள்.

"வங்கியிலை கோப்பியும் பழக்கினவையோ, அக்கா?"

பின்வரிசையிலிருந்து மேரியம்மா. கொழும்பில் ஏறி ஒஸ்லோவில் இறங்கியவள், இடையில் வேறு மண்ணை மிதிக்கவில்லை என்று பத்துப் பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்கிறவள். அவளுடைய நாக்குக்குப் பங்குத் தந்தையே பயம்.

"வாற ஆக்களைக் கவனிக்கிறேல்லையே? இருங்கோ, செய்து காட்டுறன்," என்றாள் அனஸ்ரேசியா.

மண்டபத்துச் சமையலறையில் பிளாஸ்க் நிறையக் கோப்பி இருந்தது. சின்னக் கிண்ணம்தான் இல்லை. அவித்த முட்டை வைக்கிற, காலில்லாத பீங்கான் கிண்ணங்கள் ஆறு கிடைத்தன. அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்து வந்தாள்.

முதலில் முன்வரிசையில் இருந்த சூசைரட்ணத்தாருக்கு ஊற்றினாள், கால்வாசி. குடித்தார். மறுபடியும் ஊற்றினாள். குடித்தார். போதும் என்று தலையை ஆட்டினார்.

ஊற்றினாள்.

"தலையை இல்லை அண்ணை, கிண்ணத்தை!" என்று யாரோ கத்த, மண்டபம் குலுங்கியது. அவர் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார்.

அனஸ்ரேசியாவும் சிரித்தாள். ஆனால் கண் அவருடைய மணிக்கட்டை விட்டு அகலவில்லை. இடது கையில் பிளாஸ்க், வலது உள்ளங்கையில் கிண்ண அடுக்கு, முதுகு கொஞ்சம் முன்னால் வளைந்தபடி. அவளைக் கேட்காமலே உடம்பு அப்படி நின்றுகொண்டது.

விருந்தாளிகளோடு கதைக்காதே என்பதுதான் குவைத்தில் வேலைக்கு நின்ற வீட்டில் அவள் கற்ற முதல் பாடம். கோப்பி வந்திருக்கிறது என்று வாயால் சொல்லவும் கூடாது. கிண்ணத்தின் விளிம்பைக் நீள மூக்குக் கோப்பிக் கூசாவில் மெல்ல ஒருமுறை தட்டினால் போதும். திரும்பிப் பார்ப்பார்கள்.

அதை இங்கே அவள் சொல்லவில்லை. யாத்திரை போகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

ஜூலியா பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் ஊத்துறீங்கள்? நீங்கள் வங்கியிலை குடிச்ச ஆள்தானே?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். காலையிலிருந்து எத்தனை கேள்விக்குத் தடங்கலில்லாமல் பதில் சொன்ன வாய் அது. இப்போது அவள் கிண்ண அடுக்கை நேராக்கினாள். பிளாஸ்க்கை மேசையில் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பின்னால் கதிரை ஒன்று இழுபட்டது.

மேரியம்மா வரிசைகளுக்கு நடுவால் வந்துகொண்டிருந்தாள். இனி என்ன சொல்லப் போகிறாளோ என்று அனஸ்ரேசியா மகளைப் பார்த்தாள்.

"ஊத்த ஆளில்லாமல் எப்பிடிப் பிள்ளை குடிச்சுக் காட்டுறது? நல்ல கேள்விதான் கேக்கிறாய்." மேரியம்மா கையை நீட்டினாள். "இஞ்சை தாங்கோ அக்கா. நீங்கள் போயிருந்து குடிச்சுக் காட்டுங்கோ."

பிளாஸ்க்கை வாங்கினாள், இடது கையால்.

கிண்ணங்களை வலது உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டாள்.

அனஸ்ரேசியா மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு.

மேரியம்மா அவள் முன்னால் வந்து லேசாகக் குனிந்தாள். மேல் கிண்ணத்தின் விளிம்பைப் பிளாஸ்க்கில் மெல்ல ஒருமுறை தட்டினாள்.

அந்தச் சத்தத்தை அனஸ்ரேசியா அங்கே யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.