எட்டாத வால்வு

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் சுழியோடி தவமணி இரட்டைக் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டி நிற்கிறாள். குழாயால் இணைந்த ஜோடி. கசிந்தால் பிடரிக்குப் பின்னே கைவிட்டு நடு வால்வை மூடவேண்டும், இல்லையேல் இரண்டுமே காலி. பக்கத்தில் இணைப்பில்லாத ஜோடி கிடக்கிறது. அதில் எட்டி மூட நடு வால்வு இல்லை; ஆனால் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் வாய்க்குழாய்களை மறக்காமல் மாற்றி மாற்றிக் கடிக்கவேண்டும். “கூடையில கொழுந்து போட்ட கைதானே, எட்டாதா?” என்கிறான் கூட இறங்கப்போகும் நௌசாத். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் முதுகுக் கூடைக்குள் கொழுந்து போட்டுப் போட்டே தேய்ந்த வலத்தோள் அது. சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொன்னதில்லை. கையைத் தூக்குகிறாள். வால்வுக்கு விரற்கடை இருக்கையிலேயே தோள் பூட்டிக்கொள்கிறது. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. “எட்டுதா?” “எட்டலங்க.” நௌசாத் அவள் முதுகுச் சுமையை இறக்கி, மற்ற ஜோடியை மாட்டுகிறான். “கீழ மாத்த மறந்தீங்கன்னா தோள்ல தட்டுறேன்.” அவள் இடத்தோளைத் தொட்டுக் காட்டுகிறாள்.