கறார் அக்காவின் ஓட்டு

"ரெண்டு சீட்டோட இன்னும் ஒரு சீட்டு சேர்த்தா எத்தனை?" என்று கேட்டார் மேனேஜர்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"நம்ம பஸ் டிக்கெட் சாஃப்ட்வேர் இருபத்தொண்ணுன்னு சொல்லியிருக்கு. ஒரு சின்னக் குடும்பத்துக்குப் பாதி பஸ்ஸைப் புக் பண்ணிக் கொடுத்திருக்கோம்."

புதுமாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். போன மாதம்தான் கல்யாணம் ஆனது என்பதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர்.

எண்ணாக வரவேண்டிய இரண்டும் ஒன்றும் எழுத்தாக வந்து ஒட்டிக்கொண்டதுதான் கோளாறு. அவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் மொழி எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். ஓடும்போதுதான் வம்பு தெரியும். முன்கூட்டியே பிடித்துக்கொடுக்க டைப் செக்கர் என்ற சோதிக்கும் கருவி வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழசு ஒன்று, புதுசு ஒன்று என இரண்டை வைத்துப் பார்த்திருந்தார்கள். எதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் இன்றைய கூட்டம்.

"புதுசுதான் சார்," என்றார் புதுமாப்பிள்ளை. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடும். தப்பான வரி சிவப்பு, சரியான வரி பச்சை. வளவளன்னு பேச்சே கிடையாது."

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர.

"பழசையே எடுத்துக்கலாம்," என்றார் கறார் அக்கா. யார் எழுதியதிலும் ஒரு புள்ளி பிசகினால் விடமாட்டார். அதனால் வந்த பெயர்.

"அது ஆமை மாதிரி ஊருது அக்கா."

"ஊரட்டும். எந்த வரியில என்ன தப்புன்னு எழுத்துல சொல்லுது. அது போதும்."

"அக்காவுக்குப் படிக்கக் கதை வேணும் போல சார்," என்றார் புதுமாப்பிள்ளை.

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் இறங்கி வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவரை நிறுத்தினார்.

"இங்க எல்லாரையும் விடக் கறார் நீங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? புதுசுல உங்க தப்பு நிறைய மாட்டுதோ?"

"ஒண்ணு ரெண்டு மாட்டுச்சு சார். திருத்திட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அக்கா கதவைச் சாத்தினார்.

"நம்மோட இருக்கட்டும் சார். நேத்து நம்ம புதுமாப்பிள்ளை 'எல்லாம் சரியா இருக்கு, அனுப்பிடலாம்'னார். எட்டிப் பார்த்தா ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்தி வெச்சேன்."

"அவ்வளவு அலட்சியமா? கூப்பிடுங்க அவரை."

"அலட்சியம் இல்லை சார். வாரம் முழுக்க ஏதாவது காரணம் சொல்லி, 'இதைக் கொஞ்சம் பாருங்க அக்கா'ன்னு என்னைக் கூப்பிட்டுட்டே இருந்தார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியுது. யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னு முந்திக்கிட்டு அந்தப் புதுசையே கேக்கறார். அவரே சொல்லாததை நாலு பேர் முன்னாடி நான் எப்படி சார் சொல்றது?"

 மேனேஜர் வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"பழசுதான். இது என் முடிவு. அக்காவை யாரும் குறை சொல்லாதீங்க."

எல்லோரையும் விட அதிகமாக முணுமுணுத்தவர் புதுமாப்பிள்ளைதான்.

பழசை முதல் ஆளாகத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டவரும் அவர்தான்.