ஒன்பதடி அறை

“சுவரை இன்னும் என் பக்கமா தள்ளுங்க மேடம்,” என்றார் திம்மப்பன்.

பிரவீனா மவுஸைப் பிடித்துச் சுவரை இடப்பக்கம் இழுத்தாள். இழுக்க இழுக்க, திரையில் இரண்டு பக்கமும் புள்ளிக்கோடு ஓடி அடிக்கணக்கு மாறிக்கொண்டே வந்தது.

“உங்களுக்குப் பத்தரை அடி, தம்பிக்குப் பத்தொன்பதரை. நடு ரூம் முழுசா அவருக்கே போயிடுது. பரவாயில்லையா சார்?”

“அவனே வெச்சுக்கட்டும்.”

“எனக்கெதுக்கு?” திருமலை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். “மேடம், சுவரை அப்பிடியே என் பக்கம் கொண்டாங்க. ரூமு அண்ணனுக்கே இருக்கட்டும்.”

பேரிகை கிராமத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்ள, வரைபடம் போட ஓசூரில் பிரவீனாவின் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள் அண்ணனும் தம்பியும். காலையிலிருந்து அந்தச் சுவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அரை அடி இடத்துக்காகப் பிரவீனாவின் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சையே விட்டவர்கள். இங்கே ஒன்பதடி அறையை நீ எடுத்துக்கொள், நீ எடுத்துக்கொள் என்கிறார்கள். ஆனால் இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

“புள்ளைங்க படிக்கறதுக்கு ஆவும், வெச்சுக்கடா.”

“எம் புள்ளைங்க ஹால்லயே படிக்கும். நீதான பெரியவன்? உனக்குத்தான் முறை.”

“நானும் உங்க அண்ணியும் கம்பெனிக்குப் போயிட்டா பகல்ல வீட்ல ஆளே இல்ல. எனக்கெதுக்குடா ரூமு?”

“எம் பொண்டாட்டி மட்டும் என்ன, வீட்லயா குந்தினு இருக்கறா? அவளும் ஷிப்டுக்குத்தான் போறா. ரொம்ப நல்லவனாட்டம் பேசாதண்ணா.”

திம்மப்பன் மேசையில் ஓங்கி அடித்தார். “அப்பிடின்னா பிரிக்கவே வேணாம். எந்திரி, போலாம்.”

“பிரிக்காம நான் இன்னிக்கு எந்திரிக்கறதா இல்ல.”

பிரவீனா பயந்துபோனாள். இவ்வளவு நல்ல மனசு சண்டையில் முடிந்துவிடக் கூடாதே. சுவரை அவசரமாக நடுவுக்குக் கொண்டுவந்தாள். சரிபாதிக்கு வந்ததும் பச்சைக்கோடு ஒன்று விழுந்தது. அந்தப் பக்கம் பதினைந்து, இந்தப் பக்கம் பதினைந்து.

“சண்டையே வேண்டாம் சார். அந்த ரூமையே நடுவுல பிரிச்சுடலாம். ஆளுக்கு நாலரை அடி.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பச்சைக்கோடு அறையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

“அங்க ஒரு கட்டில் கெடக்குதுங்களே,” என்றான் திருமலை, குரல் இறங்கி.

“அதை நகர்த்திட்டாப் போச்சு.”

திம்மப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

“கட்டில நகத்தலாம் மேடம்,” என்றார் திம்மப்பன். “அதுல படுத்த படுக்கையா கெடக்கற எங்க அக்காவ யார் பக்கம் போடறது?”