இடிக்கிற வாப்பா

மஸ்கட்டில் அஸ்கர் மெய்நிகர் கண்ணாடியை மாட்டினால், கீழக்கரை வீட்டுக் கூடத்தில் நிற்பார். நான்கு வருடமாகத் தினமும் மாலை இப்படித்தான். ஐந்து வயது மகள் நஸ்ரின் தன் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, அந்த நிழலுருவத்துக்குள் புகுந்து அடுப்படிக்கு ஓடுவாள்.

இன்று விமானத்தில் வந்திறங்கியவர், பழக்கமாக அதே இடத்தில் போய் நின்றார். நஸ்ரின் எப்போதும்போல ஓடி வந்தாள். அவரும் விலகவில்லை. அவர் காலில் முட்டி விழுந்தாள்.

அவள் அழவில்லை. கண்ணாடி இல்லாத தன் கண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, அவர் முழங்காலை விரலால் அழுத்தினாள்.

"உம்மா, வாப்பா இடிக்கிறாஹ."

"வாப்பான்னா இடிக்கத்தான் செய்வாஹ," என்றாள் மனைவி ஹமீதா அடுப்படியிலிருந்து.

நஸ்ரினுக்கு நம்பிக்கை வரவில்லை. சுவர்வரை போய், மறுபடி ஓடி வந்து முட்டினாள். மூன்றாம் தடவைதான் அஸ்கருக்குக் கைகளை விரிக்கத் தோன்றியது.