ஐந்தாவது திருகு

கோத்தன்பர்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் ராக்ன்ஹில்ட். பல் மருத்துவர் டோர்பியர்ன் செயற்கைப் பல் கட்டுவதற்காக அவள் கீழ்த்தாடை எலும்பில் நான்கு டைட்டானியம் திருகுகளைப் பொருத்தினார். ஓராண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஐந்து இருந்தன.

இன்னொரு படம் எடுத்தார். அதிலும் ஐந்து. ஐந்தாவதற்கு மேலே ஈறு தழும்பில்லாமல் மூடியிருந்தது.

"இதை நான் வைக்கல, ராக்ன்ஹில்ட். வேற யார்கிட்டயாவது போனீங்களா?"

"உங்ககிட்ட மாட்டினது போதாதா?"

அவர் சிரிக்கவில்லை. "எடுத்துடலாம். டைட்டானியத்தை உடம்பு சொந்தமா நெனைக்கிறதில்ல. அந்நியப் பொருள்னு தெரிஞ்சுதான் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் சுத்தி எலும்பைச் சுவரா வளர வைக்குது. நான் வெச்ச நாலுக்கும் ஒரு வருஷச் சுவர். இதுக்கு அம்பது வருஷச் சுவர் மாதிரி இருக்கு."

"அம்பது வருஷமா என் உடம்பு காவல் காக்கிற சாமானைத் தோண்ட நீங்க யாரு?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகட்டும். என் தாடை."

கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு டிராம் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

மறுவருடப் படத்தில் ஆறாவது ஒன்று இருந்தது. அதைச் சுற்றி எலும்பு இன்னும் வளரவில்லை. பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அது ஒரு சுற்று கூடுதலாக உள்ளே இறங்கியிருந்தது.

டோர்பியர்ன் பின்னால் நகர்ந்தார். ராக்ன்ஹில்ட் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு தாடையை உயர்த்தினாள்.

"நல்லா இறுக்கு," என்றாள். அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை; தாடைக்குள் திருகிக்கொண்டிருந்த யாரிடமோ சொன்னாள்.