பவுடர் பூசிய இன்ஜின்

“நின்ன இடமெல்லாம் எண்ணெய்க் கறை. உனக்கு வெக்கமே இல்லையாடா?” என்று மேலிருந்து கேட்டது, இன்ஜின் இணைப்பில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட். பழைய பைக்கின் இன்ஜினுக்கு அடியில் இருந்த, எண்ணெயை வடிக்கத் திறக்கும் டிரெயின் நட்டுக்குத்தான் இந்த ஏச்சு. சொட்டுவது அதன் நுனியில்தான். பழி நிலைத்தால் பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான்.

மெக்கானிக் சவரிமுத்து இன்ஜினை நன்றாகத் துடைத்து, கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க முகப் பவுடரைத் தூவினார்.

“பார்த்தியா, எனக்கு அலங்காரம்!” என்றது கேஸ்கெட்.

வண்டியை ஓடவிட்டதும் வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு, கேஸ்கெட்டிடமிருந்து கிளம்பி நட்டுவரை இறங்கியது.

“அது வெறும் வேர்வைங்க” என்றது கேஸ்கெட். சவரிமுத்து கேஸ்கெட்டையே சுரண்டியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார்.

“தம்பி, ஒழுகற வேலையெல்லாம் இங்க வெச்சுக்காதே” என்று புதியதை மிரட்டியது நட்டு. பிறகு தன் இடுக்கிலிருந்தே கசிந்து நுனியில் திரண்ட ஒரு சொட்டைச் சத்தமில்லாமல் தரையில் விட்டது.