மூன்றாவது முறைப்பாடு

தடையுத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. ஒப்பமும் திகதியும் மட்டுந்தான் பாக்கி.

வாவிக்கரை மைதானத்தில் விசாரணை. சபை உத்தியோகத்தர் பதியுதீன் கோப்பை விரித்தார்.

எதிராளி ஜொய்சன், வங்கி முகாமையாளர், வயது ஐம்பத்திரண்டு, குந்தியிருந்து தன் சின்ன மாதிரி விமானத்துக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தார். மெதனோலும் ஆமணக்கெண்ணெயும்.

முறைப்பாட்டுக்காரி மேர்லின் வரவில்லை. வேலிக்கு அப்பால், தன் வீட்டு யன்னலடியில், கலியாணப் பெண்ணொருத்தியின் சாறிச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருக்காக் கேட்டுப் பாருங்க சேர். இது சத்தமா, சங்கீதமா எண்டு நீங்களே சொல்லுங்க," என்றார் ஜொய்சன்.

கேட்க மட்டுமல்ல, பிடிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. தடைசெய்ய வந்தவரே விமானத்தின் வாலைப் பிடித்தார்.

மூன்று விரலில் பிளாஸ்டர் ஒட்டிய கையால் ஜொய்சன் காற்றாடியைச் சுண்டினார். எஞ்சின் பற்றிக்கொண்டது. பற்றவைக்கும் பிளக்கிலிருந்து பற்றரியைக் கழற்றிவிட்டு, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை முறுக்கினார். எரிபொருள் குறையக் குறைய எஞ்சின் வீரிட்டது. இன்னும் முறுக்கினார். பதியுதீனின் முகம் கோணியதும் திருப்தியாகச் சிரித்தார்.

மைதானத்தின் நடுவுக்குப் போய், விமானத்தோடு கம்பியால் இணைந்த கைப்பிடியை எடுத்துச் சைகை காட்டினார். பதியுதீன் வாலை விட்டார். இரண்டு மெல்லிய கம்பிகளின் நுனியில் விமானம் எழும்பி ஜொய்சனைச் சுற்றியது.

எண்ணெய் தெறித்த சட்டையோடு பதியுதீன் முறைப்பாட்டை எடுத்தார்.

'எதிராளி ஊசியை முடிந்தவரை முறுக்குவார். எழும்பி நாற்பத்திரண்டாவது செக்கனில் சத்தம் மெலியும். விக்கும். நின்றுவிடும்.'

சத்தம் மெலிந்தது. விக்கியது. நின்றது.

பதியுதீன் மணிக்கூட்டைப் பார்த்தார். நாற்பத்துமூன்று. முறைப்பாட்டில் சிறு பிழை.

விமானம் மூக்கால் புல்லை உழுதது.

"எண்ணெய் கலப்படம் சேர்," என்றார் ஜொய்சன். போன கிழமை காற்றுச் சரியில்லை. அதற்கு முந்திய கிழமை வாவியின் ஈரம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எஞ்சினைத் துடைத்தார். பதிவுத் தபாலில் அவருக்கு வந்த முறைப்பாட்டுப் பிரதி. முதலிரண்டின் உறையையும் அவர் உடைக்கவேயில்லை. மூன்றாவது நன்றாக எண்ணெய் உறிஞ்சியது.

பதியுதீன் தொடர்ந்தார். இம்முறை உரக்க.

'ஆகஸ்ட் பதினேழாந் திகதி அவருக்குத் தொலைபேசி வந்ததால் ஊசியை முழுதாக முறுக்கவில்லை. எஞ்சின் கரகரத்தபடியே முப்பத்தொரு சுற்று ஓடியது. அன்று ஒரு சட்டைக் கை முழுவதையும் நேராகத் தைத்தேன்.'

ஜொய்சன் துடைப்பதை நிறுத்தினார்.

பதியுதீன் பக்கத்தைப் புரட்டினார். மூன்று முறைப்பாடுகளிலும் சபை இதுவரை புரட்டாத பக்கம்.

'சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அது திடீரென்று அறுபடும்போதுதான் கை துள்ளித் தையல் கோணுகிறது. ஆகவே இவரைத் தடைசெய்யாது, ஊசியை அரைச் சுற்றுத் திறந்து வைக்கும்படி உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

வேலிக்கு அப்பால் தையல் மெசின் நின்றது.

"கெதியாத் திறக்கச் சொல்லுங்க சேர்! மற்றக் கை இன்னும் தைக்கக் கிடக்கு."

ஜொய்சன் யாரையும் பார்க்காமல் ஊசியை அரைச் சுற்றுத் திறந்தார்.

பதியுதீன் தடையுத்தரவில் கையைத் துடைத்துவிட்டு வாலைப் பிடித்தார்.